செல்லப்பாம்புத் தடைச்சட்டம்: அமெரிக்க வளர்ப்பாளர்களின் வாதம் கொழும்பில் எடுபடுமா?

வெள்ளவத்தைச் சாரை (இழையைத் தொடங்கியவர்)

பாம்புத் தடைச்சட்டங்களை எதிர்த்து அமெரிக்காவில் ஊர்வன வளர்ப்போர் எழுதுவதை இப்போது நம் பெடியளும் தமிழாக்கிப் பகிர்கிறார்கள். "தடை வேண்டாம், பொறுப்பாக வளர்ப்போம்" என்ற தொனிதான் எல்லாவற்றிலும். அந்த எதிர்ப்பு எப்படித் தொடங்கியது, அதில் எது கொழும்புக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று இங்கே வடிவாகக் கதைப்போம்.

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகிவிட்டது. வீடுகளிலிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் தப்பியவை, வளர்க்க முடியாமல் விடப்பட்டவை, இவற்றிலிருந்துதான் அந்தக் கூட்டம் வந்தது. 2012 இல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் பாம்பு நெடுங்காலம் இருந்த பகுதிகளில் இரவு நேரத்தில் வீதிகளில் தென்படும் சிறு பாலூட்டிகளில் ரக்கூன்கள் 99.3 சதவீதமும் ஒப்போசம்கள் 98.9 சதவீதமும் குறைந்துவிட்டதாகக் காட்டியது. அதே ஆண்டு ஜனவரியில், தீங்கான விலங்குகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டத்தின் கீழ் நான்கு பெரிய பாம்பினங்களை இறக்குமதி செய்வதற்கும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்கும் மத்திய அரசு தடை போட்டது. 2015 இல் இன்னும் நான்கு இனங்கள் சேர்ந்தன. போவா கன்ஸ்ட்ரிக்டரையும் சேர்க்க நினைத்து, பிறகு விட்டுவிட்டார்கள்.

வளர்ப்போரின் அமைப்பான யூசார்க் நீதிமன்றம் போனது. கண்டத்தில் உள்ள 49 மாநிலங்களுக்கிடையே கொண்டுபோவதை அந்தச் சட்டத்தின் வாசகம் தடுக்கவில்லை என்று 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2022 இல் கீழ்ச்சபை நிறைவேற்றிய ஒரு பெரிய சட்டமூலத்துக்குள், அனுமதிப் பட்டியலில் இல்லாத உயிரினங்களின் இறக்குமதியை முடக்கும் பிரிவு ஒன்று இருந்தது. மறுபடியும் கடும் எதிர்ப்பு. ஓகஸ்டில் அது வேறு வடிவில் சட்டமானபோது அந்தப் பிரிவு அதில் இல்லை.

வளர்ப்போரின் வாதங்களில் எனக்கு மிக வலுவாகத் தெரிவது காலநிலை. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நிலம் பர்மிய மலைப்பாம்புக்கு ஏற்றது என்று 2008 இல் ஓர் அரச ஆய்வு வரைபடம் போட்டது. வேறு ஆய்வாளர்கள் அதே கேள்வியை வேறு அளவைகளால் பார்த்து, தெற்குப் புளோரிடாவும் டெக்சாஸின் தென்கோடியும்தான் ஏற்றவை என்றார்கள். 2010 ஜனவரிக் குளிரில் எவர்கிளேட்ஸிலேயே நிறையப் பாம்புகள் செத்தன. "ஒஹாயோவில் ஒரு பனிக்காலம் தாங்காத பாம்புக்கு ஒஹாயோக்காரனை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

ஆனால் கொழும்பில் நின்று அதே கேள்வியை எப்படிக் கேட்பது? இங்கே பனிக்காலம் என்று ஒன்று இல்லை. வருடம் முழுக்க ஏறத்தாழ 27, 28 பாகை. பக்கத்தில் வாய்க்கால், சதுப்பு, குப்பைமேடு, எலி. இங்கே தப்பிய பாம்பைக் கொல்லக் குளிர் வராது. அதனால்தான் அந்த வாசகங்களை அப்படியே தூக்கி இங்கே ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் எண்ணத்தையும் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ஊர்வனப்பிரியன்

அண்ணா, நீங்கள் பர்மிய மலைப்பாம்பைக் காட்டி, 'போல் பைதன்' (ball python) என்ற சிறிய மலைப்பாம்புக்குத் தண்டனை கொடுக்கிறீர்கள். பர்மிய மலைப்பாம்பு ஐந்து மீட்டர் வளரும். போல் பைதன் ஒன்று, ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும். பயந்தால் சுருண்டு பந்தாகித் தலையை உள்ளே வைத்துக்கொள்ளும். விஷம் இல்லை. மனிதனைக் கொல்லும் பலமும் இல்லை. எவர்கிளேட்ஸ் படத்தைக் காட்டி எல்லாப் பாம்பையும் ஒரே கூடைக்குள் போடுவதைத்தான் அமெரிக்காவிலும் வளர்ப்போர் எதிர்க்கிறார்கள்.

நாய் கடித்து விசர்நோய் வருவது இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. அதற்காக நாய் வளர்க்கத் தடை என்று யாரும் கேட்பதில்லை. தடுப்பூசி போடு, பதிவு செய், கட்டி வை என்கிறோம். பாம்பு என்றவுடன் மட்டும் "தடை" என்ற ஒரே பதில் வருவது பயத்தால்தான். பயத்தை வைத்துச் சட்டம் எழுதக் கூடாது.

இன்னொன்று. உள்ளூர்ப் பாம்பைப் பிடித்து வளர்க்க விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளிநாட்டில் கூண்டில் பிறந்து, கூண்டில் வளர்ந்த பாம்பைச் சட்டப்படி வைத்திருக்க ஒரு வழி கேட்கிறோம். அந்த வழி இல்லாதபடியால்தான் வாங்குகிறவன் ஒளித்து வாங்குகிறான், விற்கிறவன் காலுறைக்குள் சுற்றிப் பயணப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறான். அதில் எத்தனை பாம்பு வழியிலேயே சாகிறது என்று யாருக்கும் கணக்கில்லை.

புதுக்கடைச் சட்டத்தரணி

சட்டத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு பேசுவோம். இலங்கையில் இதற்கு அடிப்படை 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 2009 இல் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் அதில் பெரிய திருத்தம் வந்தது. உள்ளூர் மலைப்பாம்பான வெங்கிணாந்தியைப் பிடித்து வீட்டில் வைத்திருந்தால் "காப்பாற்றித்தான் வைத்திருக்கிறேன்" என்பது தற்காப்பாகாது. வெளிநாட்டு விலங்கைக் கொண்டுவர வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையிலும் 1979 இலிருந்து நாம் இருக்கிறோம். மலைப்பாம்பு இனங்கள் எல்லாமே அதன் பட்டியல்களில் உள்ளவை, ஆகவே ஏற்றுமதி செய்யும் நாட்டின் பத்திரமும் வேண்டும்.

இதிலிருந்து ஒரு முக்கிய வேறுபாடு வருகிறது. அமெரிக்க வளர்ப்பாளன் நேற்றுவரை சட்டப்படி செய்த ஒன்றை இன்று பறிக்கிறார்கள் என்று வழக்காடுகிறான். அவனிடம் வாங்கிய பற்றுச்சீட்டு இருக்கிறது, பண்ணை இருக்கிறது, வரி கட்டிய கணக்கு இருக்கிறது. கொழும்பில் பத்திரம் இல்லாத பாம்பை வைத்திருப்பவனுக்கு அந்த நிலை இல்லை. "என் உரிமையைப் பறிக்காதே" என்று தொடங்கினால் முதல் கேள்வியே "எப்படி இறக்கினாய்?" என்றுதான் வரும். தம்பி சொல்வதுபோல "சட்டப்படி ஒரு வழி தாருங்கள்" என்பது வேறு கோரிக்கை. அதை வாதாட இடம் இருக்கிறது.

மட்டக்குளி அம்மா

நான் பாம்பு வளர்ப்பவள் இல்லை, மாடிக்குடியிருப்பில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருப்பவள். பக்கத்து வீட்டில் பாம்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? தப்பினால் அவர்கள் வந்து சொல்வார்களா? சட்டவிரோதம் என்றால் வாயே திறக்க மாட்டார்களே. இதற்கு யாராவது ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ஊர்வனப்பிரியன்

அக்கா, உங்கள் பயம் நியாயம். பதிவு இருந்தால் தப்பிய அன்றே நான் அறிவிப்பேன். பதிவு இல்லாத இடத்தில் அறிவித்தால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். நான் சட்டப்படியான வழி கேட்பதற்கு இதுவும் காரணம்.

ஒஸ்லோத் தம்பி

கொழும்பில் பிறந்து நோர்வேயில் இருக்கிறேன். இங்கே 1970களிலிருந்து ஊர்வன வளர்க்கவே தடை. 2017 ஓகஸ்டில்தான் 19 இனங்களுக்கு அனுமதி வந்தது. கோர்ன் ஸ்னேக் என்ற விஷமில்லாத சிறிய பாம்பு, போல் பைதன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விஷப்பாம்பு இல்லை, மிகப் பெரிய மலைப்பாம்பும் இல்லை.

தடை இருந்த காலத்திலும் நிறையப் பேர் ஒளித்து வளர்த்தார்கள். நோய் வந்தால் மிருகவைத்தியரிடம் கொண்டுபோகப் பயம். கூண்டு, விளக்கு பற்றி வெளிப்படையாக ஒருவரிடம் கேட்கப் பயம். அனுமதி வந்தபின் அதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க வளர்ப்போர் அனுமதிப் பட்டியல் என்றாலே எரிந்து விழுகிறார்கள். இங்கே அதே பட்டியல்தான் வளர்ப்போருக்குக் கதவைத் திறந்தது. எல்லாம் திறந்திருந்த நாட்டில் பட்டியல் வந்தால் அது பூட்டு. எல்லாம் பூட்டியிருந்த நாட்டில் வந்தால் திறப்பு. இலங்கை எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளவத்தைச் சாரை

தம்பி ஒஸ்லோ, நல்ல உதாரணம். ஆனால் நோர்வே அதைத் துணிந்து செய்ததற்கு அதன் குளிரும் துணை. நமக்கு அந்தக் காவல் இல்லை என்பதில்தான் நான் நிற்கிறேன்.

போல் பைதன் சாது என்று கொட்டாஞ்சேனைத் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மனிதனுக்கு ஆபத்து என்ற கோணத்தில் நான் பேசவே இல்லை. கிரான் கனேரியா தீவைப் பாருங்கள். ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தத் தீவில் கலிபோர்னியா கிங் ஸ்னேக் என்ற பாம்பு 1990களின் இறுதியிலிருந்து காட்டில் பரவியிருக்கிறது. அதுவும் செல்லப்பிராணிதான். ஒன்றரை மீட்டர் வராது, விஷம் இல்லை, தொடக்க வளர்ப்பாளர்களுக்கு ஏற்றது என்று விற்கிற பாம்பு. அது பரவிய இடங்களில் அந்தத் தீவுக்கே உரிய பல்லியினங்கள் பெருமளவு அழிந்துபோயின. பிடித்துப் பிடித்து அகற்றியும் தீரவில்லை. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பாம்பை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அரூபா தீவில் போவா, குவாம் தீவில் பழுப்பு மரப்பாம்பு. குவாமில் அது செல்லப்பிராணியாக வரவில்லை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்கோடு வந்தது. ஆனாலும் அந்தத் தீவின் காட்டுப் பறவைகளை ஏறக்குறைய துடைத்துவிட்டது.

தீவு என்றால் இப்படித்தான். நம் நாட்டுப் பாம்பு, பல்லி, தவளைகளில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. பெல்லன்வில, அத்திடிய, தியவன்னா ஓயா, கொலன்னாவைச் சதுப்பு எல்லாம் வீடுகளுக்கு நடுவில் கிடக்கின்றன. புறக்கோட்டைப் பக்கம் வாங்கிய மீன்தொட்டி மீனுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பொல்கொடவிலும் தியவன்னாவிலும் கத்திமீன் பெருகிக் கிடக்கிறது. தொட்டிப் பாசியைத் தின்னும் டேங்க் கிளீனர் மீன் குளங்களுக்குள் போய்விட்டது. சிவப்புக்காது ஆமையை வளர்க்க முடியாமல் கொண்டுபோய் நீரில் விடுகிறார்கள், புண்ணியம் என்றுகூட நினைத்து விடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தொட்டி சிறிதாகிவிட்டது, வீடு மாறினார்கள், பிள்ளைக்கு அலுத்துவிட்டது. பாம்புக்கு மட்டும் இது நடக்காது என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

தெஹிவளை மிருகவைத்தியர்

சாரை அண்ணா சொன்ன "வீடு மாறினார்கள்" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். இதை யாரும் பேசாமல் விடுகிறோம்.

போல் பைதன் ஒழுங்காக வளர்த்தால் இருபது, முப்பது வருடம் இருக்கும். நம் சமூகத்தில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் லண்டனுக்கும் கனடாவுக்கும் மெல்போர்னுக்கும் விசா பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்? விசா வந்தால் மூன்று மாதத்தில் பெட்டி கட்டுவார்கள். நாயென்றால் அம்மா பார்ப்பார். பாம்பை யார் பார்ப்பது? உறைந்த எலியை இளக்கி வாரம் ஒருமுறை ஊட்ட வீட்டில் எந்தப் பெரியவர் முன்வருவார்? அவுஸ்திரேலியாவுக்குக் கூடவே கொண்டுபோகவும் முடியாது, அங்கே வெளிநாட்டுப் பாம்பை வளர்க்கத் தனியாருக்கு அனுமதி இல்லை. வாங்குகிற அன்றே இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

உடம்பு நலம் பற்றியும் ஒன்று. ஊர்வனவற்றின் எச்சத்தில் சல்மொனெல்லா சாதாரணமாக இருக்கும். பாம்பு பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உள்ள வீட்டில் இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். தொட்டபின் கை கழுவுதல், கூண்டைச் சமையலறைக் குழாயில் கழுவாமல் இருத்தல், இவ்வளவும் செய்தால் ஆபத்து மிகவும் குறையும். மட்டக்குளி அக்கா, தப்பிய பாம்பைவிட உங்கள் பிள்ளைகள் அந்த வீட்டில் பாம்பைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

கூண்டில் பிறந்தது என்று விற்பதெல்லாம் கூண்டில் பிறந்ததும் இல்லை. பெனின், டோகோ, கானா நாடுகளிலிருந்து வருகிற போல் பைதன்களில் பல, காட்டில் எடுத்த முட்டையிலிருந்தோ பிடிபட்ட சினைப் பாம்பிலிருந்தோ வந்தவை. உண்ணியும் புழுவும் அவற்றோடேயே வரும்.

பொரளை மருத்துவ மாணவி

விஷப்பாம்பு பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். 2012-13 இல் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்திய ஆய்வின்படி இலங்கையில் ஓர் ஆண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 460 பேருக்கு மேல் இறக்கிறார்கள். நமது ஆஸ்பத்திரிகளில் உள்ள எதிர்விஷ மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கு மட்டுமே அது தயாரானது. சிங்களத்தில் குனகட்டுவா என்கிற சிறிய புடையன் நம் நாட்டில் எத்தனையோ பேரைக் கடிக்கிறது, அதற்கே இந்த மருந்து உதவாது.

இந்த நிலையில் ஒருவர் ஆபிரிக்க விரியனையோ மாம்பாவையோ வீட்டில் வைத்து, அது கடித்துக் கொண்டுவரப்பட்டால் வைத்தியரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. பிரித்தானியாவில் 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சிச் சபையின் உரிமம் பெற்று விஷப்பாம்பு வளர்க்கலாம். போல் பைதனுக்கு அந்த உரிமமே தேவையில்லை. அந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே விஷப்பாம்புக்கு உரிமம்கூட வேண்டாம், முழுத் தடைதான் வேண்டும். இதில் வளர்ப்போர் யாரும் விட்டுக்கொடுக்காமல் பேசினால் மற்ற எல்லாவற்றிலும் உங்கள் சொல் எடுபடாது.

கொட்டாஞ்சேனை ஊர்வனப்பிரியன்

தங்கச்சி, விஷப்பாம்பில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

டொக்டர் கேட்ட விசாக் கேள்விக்கு: புளோரிடாவில் 2006 இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. வளர்க்க முடியாதவர்கள் வெளிநாட்டுப் பிராணியைத் தண்டனை இல்லாமல் ஒப்படைக்கலாம், எடுத்து வளர்க்கத் தகுதியானவர்களைத் தேடிக் கொடுப்பார்கள். 2008 இல் பெரிய மலைப்பாம்புக்கு ஆண்டு உரிமமும் தோலுக்குள் அடையாளச் சிப்பும் கட்டாயமாக்கினார்கள். பாம்பு காட்டில் பிடிபட்டால் சிப்பைப் பார்த்து யாருடையது என்று சொல்லலாம். இதைத்தான் நானும் கேட்கிறேன். ஒரு ஒப்படைக்கும் இடம், சிப், உரிமம். இவ்வளவுக்கும் பிறகும் தடைதான் பதில் என்றால் அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெள்ளவத்தைச் சாரை

தம்பி, புளோரிடாவில் சிப் வந்தபோது பாம்பு ஏற்கெனவே காட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. காலம் பிந்திவிட்டது. நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை, அதுதான் நம்மிடம் உள்ள ஒரே வாய்ப்பு.

ஸ்காபரோ சித்தப்பா

ரொறன்ரோவில் மாநகரச் சட்டப்படி மூன்று மீட்டருக்கு மேல் வளரும் பாம்பினம் வைத்திருக்க முடியாது. சிறியவை வைத்திருக்கலாம். என் அண்ணன் மகன் கோர்ன் ஸ்னேக் வளர்க்கிறான், யாருக்கும் தொல்லை இல்லை. 2013 இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கடைக்கு மேலிருந்த வீட்டில் ஆபிரிக்க மலைப்பாம்பு ஒன்று தப்பி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. அந்த மாகாணத்தில் அந்தப் பாம்பை அப்படி வைத்திருப்பதற்கு அப்போதே தடை இருந்தது. தடை எழுதினால் போதாது, யார் வந்து பார்ப்பார்கள் என்றும் எழுத வேண்டும்.

மட்டக்குளி அம்மா

இதைத்தான் நான் முதலில் கேட்டேன். யார் வந்து பார்ப்பார்கள்?

புதுக்கடைச் சட்டத்தரணி

அக்காவின் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தக் கோரிக்கையும் நிற்காது. யானை-மனித மோதலிலேயே மூச்சுமுட்டும் திணைக்களத்திடம் கொழும்பு மாடிவீடுகளின் கூண்டுகளை எண்ணச் சொன்னால் நடக்காது. ஆகவே குறைந்த இனங்கள், குறைந்த உரிமங்கள், வளர்ப்பவர் கட்டும் கட்டணத்தில் நடக்கும் பரிசோதனை என்று கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் மறக்கக் கூடாது. பாம்பாட்டிகளான அகிகுண்டிகர் நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக நாகம் வைத்துப் பிழைத்தவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். உள்ளூர்ப் பாம்பு பற்றிய சட்டம் இறுகும்போதெல்லாம் முதலில் அடிபடுவது அவர்கள்தான். கொழும்பு நடுத்தர வர்க்கம் வெளிநாட்டுப் பாம்புக்கு உரிமம் வாங்கிக்கொண்டு, கோல்பேஸில் கூடையோடு இருப்பவரை மட்டும் பொலிஸ் தூக்கினால் அதை நான் நீதி என்று சொல்ல மாட்டேன். கோரிக்கை எழுதுவதாக இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள்.

வெள்ளவத்தைச் சாரை

இவ்வளவு பேர் பேசியபின் என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் கூர்மையாகச் சொல்கிறேன். முழுத் தடை கேட்கவில்லை. நம் ஈரநிலத்தில் உயிர்வாழ முடியுமா, இனம் பெருக முடியுமா என்று இனம் இனமாக முதலில் ஆய்வு. அதில் தேறும் இனம் இருந்தால் மட்டும் பட்டியல். இப்போது ஒளித்து வைத்திருப்பவர்களுக்குத் தண்டனையில்லாமல் ஒப்படைக்க ஒரு காலக்கெடு. ஆய்வு முடியும்வரை புதிய இறக்குமதி வேண்டாம்.

கொட்டாஞ்சேனை ஊர்வனப்பிரியன்

ஒப்படைப்புக் காலக்கெடுவுக்கும் ஆய்வுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். கடைசி வரிக்குப் போட மாட்டேன். ஆய்வு எப்போது முடியும் என்று திகதி இல்லாவிட்டால் அது தடைக்கு இன்னொரு பெயர்தான். நோர்வேயில் ஒரு தலைமுறையே காத்திருந்தது. இரண்டு வருடம் என்று எழுதுங்கள், நானே வரைவைத் தட்டச்சு செய்து தருகிறேன்.

வெள்ளவத்தைச் சாரை

இரண்டு வருடத்தில் மழைக்காலம், வெயில்காலம் இரண்டையும் இரண்டு தடவைதான் பார்க்க முடியும். மூன்று என்று எழுது. அகிகுண்டிகர் பகுதியைச் சட்டத்தரணி ஐயா பார்த்துத் தருவார், கை கழுவும் பகுதியை டொக்டர் எழுதட்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆயத்தமானால் பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

கொட்டாஞ்சேனை ஊர்வனப்பிரியன்

மூன்றுக்குச் சரி. ஆனால் மூன்றாம் வருட முடிவில் முடிவு வராவிட்டால் கோர்ன் ஸ்னேக்குக்கும் போல் பைதனுக்கும் தற்காலிக உரிமம் என்ற வரி இருக்க வேண்டும்.

தெஹிவளை மிருகவைத்தியர்

அந்த வரிக்கு நான் எதிர்ப்பு. ஆய்வு தாமதித்தால் அதன் விலையைப் பெல்லன்வில ஏன் கொடுக்க வேண்டும்? வரைவில் இரண்டு கருத்தையும் பெயரிட்டுப் போடுங்கள், திணைக்களம் படித்து முடிவெடுக்கட்டும். என் பகுதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.